பழைய குட்டிக் கணினியா, புதியதா? – வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அலுவலகங்களுக்கென்றே தயாரிக்கப்படும் சிறிய மேசைக் கணினிகளைப் பற்றியவை. டெல் நிறுவனத்தின் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி ஆகிய இவை ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் சதுரமும் மூன்றரை சென்டிமீட்டர் தடிமனும் கொண்டவை. பெரிய நிறுவனங்கள் இவற்றை மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்துப் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுவதால், பயன்படுத்திய கணினிகள் விற்கும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. இந்த இதழின் கேள்விகள் அனைத்தும் அவற்றைப் பற்றியவையே.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு நான்கு கணினிகள் தேவை. ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், டேலி, மின்னஞ்சல், இவ்வளவுதான் வேலை. ஒரே கடையில் இரண்டைக் காட்டினார்கள். ஒன்று ஆப்டிப்ளெக்ஸ் 7050 மைக்ரோ, ஐ7-7700டி செயலியுடன். மற்றொன்று ஆப்டிப்ளெக்ஸ் 7060 மைக்ரோ, ஐ5-8500டி செயலியுடன். ஐ7 உள்ளதுதான் விலை குறைவு. உயர்ந்த செயலி எப்படி மலிவாகக் கிடைக்கிறது? எதை வாங்குவது?
– வரி ஆலோசகர், ஈரோடு

பதில்: 7060-ஐ வாங்குங்கள். விலை வேறுபாட்டுக்குக் காரணம் வேகம் அன்று.

வேகத்தில் இந்த இரண்டு செயலிகளும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில்தான் இருக்கின்றன. செயலிக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளை உட்கரு (கோர்) என்றும், அவை ஒரே நேரத்தில் கையாளும் வேலைத் தொடர்களை இழை (த்ரெட்) என்றும் சொல்வார்கள். ஐ7-7700டி நான்கு உட்கருக்களும் எட்டு இழைகளும் கொண்டது. அதன் உச்ச வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். ஐ5-8500டி ஆறு உட்கருக்கள் கொண்டது, ஆனால் இழைகளும் ஆறுதான். உச்ச வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ். நீங்கள் சொன்ன வேலைகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் ஊழியர்களால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இயலாது. ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்கள் ஒரே தலைமுறைக்குள் தரத்தைக் காட்டுபவை. தலைமுறை மாறிவிட்டால் அந்த ஒப்பீடு பொருளற்றுப் போகிறது. பத்தாம் தலைமுறையின் ஐ3-10100டி கூட, உங்களுக்குக் காட்டிய அந்த ஐ7-ஐப் போலவே நான்கு உட்கருக்களும் எட்டு இழைகளும் கொண்டது, உச்ச வேகமும் அதே 3.8 கிகாஹெர்ட்ஸ்தான். எனவே கடையில் முதலில் கேட்க வேண்டியது 'ஐ எத்தனை' என்பதை அல்ல, 'எத்தனையாவது தலைமுறை' என்பதை. அதையும் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. செயலியின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களுக்கு முன்னால் நிற்பதே தலைமுறை. 7700 என்றால் ஏழு, 8500 என்றால் எட்டு, 10500 என்றால் பத்து. கடைசியில் வரும் 'டி' என்ற எழுத்து, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் 35 வாட் வகை என்பதைக் குறிக்கும்.

விலையைத் தீர்மானித்தது விண்டோஸ் 11. இன்டெல் செயலிகளில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகளைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்தைய எதையும் மைக்ரோசாஃப்ட் தன் ஆதரவுப் பட்டியலில் சேர்க்கவில்லை. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. 7050-இல் அந்தச் சில் இருந்தாலும் செயலி ஏழாம் தலைமுறை என்பதால் தேர்வில் தோற்றுவிடுகிறது. எனவே கழித்துக்கட்டிய அலுவலகங்களிலிருந்து ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் குவியல் குவியலாகச் சந்தைக்கு வந்து விலை சரிந்திருக்கிறது. சந்தையில் இது மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

நிபந்தனையை ஏமாற்றி, தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11-ஐ நிறுவித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். நிறுவ முடியும் என்பது உண்மை. ஆனால் அத்தகைய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்புகள் தாமாக வந்து சேருவதும் இல்லை, ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் உட்கார்ந்து கையால் செய்ய வேண்டும். வீட்டில் பாட்டுக் கேட்கும் கணினிக்கு இது பரவாயில்லை. வாடிக்கையாளர்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் இந்த வித்தையை நான் பரிந்துரைக்க மாட்டேன். விண்டோஸ் 10-லேயே இருந்துகொண்டு நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்புகளைக் காசு கொடுத்து வாங்கலாமே என்றால், நிறுவனங்களுக்கு அதன் கட்டணம் முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர். அடுத்த ஆண்டு இரட்டிப்பு, அதற்கடுத்த ஆண்டு மீண்டும் இரட்டிப்பு, மூன்று ஆண்டுகளோடு அதுவும் முடிந்துவிடும். இரண்டு ஆண்டுக் கட்டணத்தைக் கூட்டிப் பாருங்கள், ஐ7-இல் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் எங்கே போகிறது என்று தெரியும்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். எட்டாம் தலைமுறை, பட்டியலின் கடைசிப் படியில் நிற்கிறது. நாளை மைக்ரோசாஃப்ட் வாசலை உயர்த்தினால் முதலில் வெளியே நிற்கப்போவதும் அதுவே. இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடினால் போதும் என்றால் 7060 சரி. ஐந்து ஆண்டுகள் தொடக்கூடாது என்று நினைத்தால், சற்றுக் கூடுதலாகச் செலவழித்துப் பத்தாம் தலைமுறையின் ஆப்டிப்ளெக்ஸ் 3080 அல்லது 7080 மைக்ரோவைத் தேடுங்கள். ஐ5-10500டி செயலியில் ஆறு உட்கருக்களுக்குப் பன்னிரண்டு இழைகள் உண்டு.

கேள்வி: இணையத்தில் 'ஆப்டிப்ளெக்ஸ் 7010' என்று தேடினால் ஒரு விற்பனையாளர் மிகக் குறைந்த விலையும் மற்றொருவர் அதைப் போலப் பல மடங்கு விலையும் சொல்கிறார்கள். இருவரும் ஒரே மாடல் எண்ணைத்தான் சொல்கிறார்கள். யார் ஏமாற்றுகிறார்கள்?
– இ-சேவை மைய நடத்துநர், நாகர்கோவில்

பதில்: இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். குழப்பத்துக்குக் காரணம் டெல் நிறுவனமே. 2012-இல் மூன்றாம் தலைமுறைச் செயலியுடன் ஆப்டிப்ளெக்ஸ் 7010 என்ற கணினியை வெளியிட்ட அந்த நிறுவனம், எண்கள் தீர்ந்துபோனதாலோ என்னவோ, 2023-இல் பதின்மூன்றாம் தலைமுறைக் கணினிக்கும் அதே பெயரை வைத்தது. 7020-க்கும் இதே கதைதான், 2014-இல் ஒன்று, 2024-இல் மற்றொன்று. இரண்டுக்கும் இடையே பத்தாண்டு இடைவெளி இருக்கிறது.

வேறுபடுத்தி அறிவதற்கு எளிய வழி உண்டு. ஆப்டிப்ளெக்ஸ் வரிசையில் மைக்ரோ என்ற வடிவம் 2014-இல்தான் அறிமுகமானது. ஆகவே உள்ளங்கையில் ஏந்தக்கூடிய மைக்ரோ வடிவில் 7010 இருந்தால் அது புதியதாகத்தான் இருக்க முடியும். தடித்த பெட்டியாக, டிவிடி இயக்கியோடு இருந்தால் அது பெரும்பாலும் பழையது. சந்தேகம் இருந்தால் பெட்டியில் ஒட்டியுள்ள ஏழு எழுத்துச் சர்வீஸ் டேகை டெல் இணையதளத்தில் கொடுங்கள். அந்தக் கணினி எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, உத்தரவாதம் எப்போது முடிந்தது, தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பாகங்களுடன் வந்தது என்ற விவரங்களைப் பார்க்கலாம். 2025-இல் ஆப்டிப்ளெக்ஸ் என்ற பெயரையே கைவிட்டு 'டெல் புரோ' என்று மாற்றிவிட்டார்கள் என்பதால், இனி வரும் ஆண்டுகளில் இந்தக் குழப்பம் வேறு வடிவம் எடுக்கும்.

எச்பி வகையில் எலைட்டெஸ்க் 800 வரிசையின் ஜி3 வரை ஏழாம் தலைமுறையோ அதற்கு முந்தையதோதான். ஜி4-இலிருந்துதான் எட்டாம் தலைமுறை தொடங்குகிறது. லெனோவோவில் எம்710கியூ, எம்910கியூ ஆகியவை பழைய பக்கம், எம்720கியூ, எம்920கியூ ஆகியவை விண்டோஸ் 11 ஏற்கும் பக்கம். எம்70கியூ பத்தாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது.

கேள்வி: நாங்கள் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் சிறிய அச்சகம் வைத்திருக்கிறோம். பேஜ்மேக்கர், பழைய தமிழ் எழுத்துருக்கள், பில் போட ஒரு டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி, பழைய விஜிஏ மானிட்டர் எல்லாம் இருக்கின்றன. புதிய குட்டிக் கணினியில் இவை எதுவும் வேலை செய்யாது, பழையதையே வாங்குங்கள் என்கிறார்கள். உண்மையா?
– அச்சக உரிமையாளர், சிவகாசி

பதில்: பாதி உண்மை. மென்பொருளையும் இணைப்புத் துளைகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பு கிடையாதே தவிர, 32 பிட் மென்பொருள்கள் அதில் இயங்கும். எனவே பேஜ்மேக்கர் 7 போன்றவற்றைப் புதிய கணினியிலும் பலர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யூனிகோடு அல்லாத உங்கள் எழுத்துருக்களும் அப்படியே வேலை செய்யும், எழுத்துரு என்பது கணினியின் வயதைப் பார்ப்பதில்லை. அடியோடு ஓடாமல் போவது 16 பிட் மென்பொருள்கள் மட்டுமே. விண்டோஸ் 3.1 காலத்து நிறுவல் நிரல் ஏதாவது உங்களிடம் இருந்தால் அது 64 பிட் விண்டோஸில் தொடங்கவே தொடங்காது. நீங்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது, உரிமத்துக்காகச் செருகும் டாங்கிள்களுக்கு. தமிழ் விசைப்பலகை மென்பொருள் சிலவற்றுக்கு அத்தகைய டாங்கிள் இருந்தது. அதன் டிரைவர் விண்டோஸ் 11-க்கு வெளிவரவில்லை என்றால் கணினியை மாற்றினாலும் பயனில்லை. கடைக்குப் போகும்போது டாங்கிளையும் நிறுவல் வட்டையும் கையோடு எடுத்துச் சென்று அங்கேயே ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடை இருக்கிறது.

துளைகளைப் பொறுத்தவரை, மைக்ரோ வடிவில் பழையதாக இருந்தாலும் புதியதாக இருந்தாலும் அகலமான பேரலல் போர்ட் கிடையாது. எனவே இந்தக் காரணத்துக்காகப் பழைய மைக்ரோவை வாங்குவதில் அர்த்தமில்லை. உங்கள் அச்சுப்பொறியின் பின்புறத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் அதிகம் புழங்கும் டிவிஎஸ் மாடல்கள் பலவற்றில் பேரலல் துளைக்குப் பக்கத்தில் யுஎஸ்பி துளையும் இருக்கும், பல ஆண்டுகளாக யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள். அது இருந்தால் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் மைக்ரோவை விட்டுவிட்டு, அதே நிறுவனங்களின் எஸ்எஃப்எஃப் என்ற அடுத்த அளவுப் பெட்டியை எடுத்து, அதில் பேரலல் அட்டை ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

மானிட்டருக்கு டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து விஜிஏ மாற்றி ஒன்று போதும். ஆனால் வாங்கும்போது திசையைக் கவனியுங்கள். கணினிப் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் விஜிஏ என்று இருக்க வேண்டும். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் எதிர்த்திசைக்கான மாற்றி இங்கே படம் காட்டாது.

கேள்வி: பள்ளி நூலகத்தில் மாணவர்களுக்காக ஆறு கணினிகள் அமைக்க நன்கொடை கிடைத்திருக்கிறது. பயன்படுத்திய ஆறாம் தலைமுறைத் திங்க்சென்டர் டைனி ஆறு வாங்கலாமா, அல்லது என்100 செயலியோடு வரும் புத்தம் புதிய மினி கணினிகளா? இணையம், தமிழில் தட்டச்சு, காணொளிப் பாடங்கள் ஆகியவையே தேவை.
– ஆசிரியை, திருப்பத்தூர்

பதில்: இந்த இதழில், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிக்கு நியாயம் இருக்கும் ஒரே கேள்வி உங்களுடையது. ஆனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளச் சம்மதித்தால் மட்டுமே.

ஆறாம் தலைமுறை ஐ5-6500டி, 2023-இல் வந்த இன்டெல் என்100 ஆகிய இரண்டும் மொத்த வேகத்தில் ஏறக்குறைய சமம். இரண்டிலும் நான்கு உட்கருக்கள். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் இந்த இரண்டுக்குள் விவாதத்துக்கே இடமில்லை, என்100 தான். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றை நிறுவினால் ஆறாம் தலைமுறைக் கணினிகள் இன்னும் பல ஆண்டுகள் புதுப்பிப்புகளோடு ஓடும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. தமிழ் இடைமுகத்தை முதலிலிருந்தே கருத்தில் கொண்டது அது. தமிழ்99 விசைப்பலகை இவை எல்லாவற்றிலும் கிடைக்கும்.

திங்க்சென்டரின் பலம் அதன் கட்டுமானம். பின்புறத்து ஒற்றைத் திருகைக் கழற்றினால் மூடி நழுவித் திறந்துகொள்ளும். நினைவகம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி, விசிறி, எல்லாமே தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடியவை, மாற்றுப் பாகங்களும் சந்தையில் தாராளம். பெயர் தெரியாத நிறுவனங்களின் என்100 கணினிகள் பலவற்றில் அடாப்டர் கெட்டுப்போனாலோ பயாஸ் என்ற, கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருளுக்குப் புதுப்பிப்பு தேவைப்பட்டாலோ யாரைக் கேட்பது என்று தெரியாது. மேலும் என்100 ஒற்றைத் தட நினைவகத்தை மட்டுமே ஏற்கும், அதாவது செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே ஒரே பாதைதான்.

என்100-இன் பலம் காணொளி. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 ஆகிய முறைகளில் சுருக்கப்பட்ட காணொளிகளை அனுப்புகிறது. இவற்றை விரிப்பதற்குத் தனி வன்பொருள் இல்லாத செயலிகள், முழு வேலையையும் உட்கருக்களின் தலையில் சுமத்துகின்றன. விபி9-க்கான முழுமையான வன்பொருள் ஆதரவு ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. ஏவி1-க்கு இன்டெல் பதினோராம் தலைமுறை வரை காத்திருக்க வேண்டும், என்100-இல் இரண்டும் உண்டு. நடைமுறையில், பாடங்களை 720 அல்லது 1080 தரத்தில் பார்க்கும் வரை ஆறாம் தலைமுறை தாங்கும், விசிறி மட்டும் சற்றுச் சத்தமிடும். நூலகம் என்பதால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸைப் பராமரிக்க ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரோ முன்னாள் மாணவரோ அருகில் இருந்தால் பழைய டைனிகளை வாங்கி, மிஞ்சும் தொகையில் நல்ல விசைப்பலகைகளும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் எட்டாம் தலைமுறை டைனிகளைத் தேடுங்கள், ஆறுக்குப் பதில் ஐந்து கிடைத்தாலும் பரவாயில்லை.

கேள்வி: அடுத்த வாரம் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று பயன்படுத்திய எலைட்டெஸ்க் 800 ஜி4 மினி வாங்கலாம் என்றிருக்கிறேன். கடையிலேயே எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?
– மருந்துக் கடை உரிமையாளர், செங்கல்பட்டு

பதில்: கணினி எழுகிறதா, திரை வருகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. அலுவலகக் கணினிகளுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு, அவற்றைத்தான் தேட வேண்டும்.

முதலாவது, பழைய உரிமையாளரின் பிடி. பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் சேவையில் பதிவு செய்து வைத்திருக்கும். பதிவை நீக்காமலேயே கழித்துவிட்டால், நீங்கள் விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தை இணைத்த அடுத்த நிமிடம், முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் பெயரோடு வரவேற்புத் திரை வந்து அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்கும். கடைக்காரர் இணையம் இல்லாமல் நிறுவி வைத்திருந்தால் இது கடையில் தெரியாது, வீட்டுக்கு வந்து ஒரு நாள் 'ரீசெட்' செய்யும்போதுதான் தெரியும். எனவே உங்கள் செல்பேசியின் இணையத்தைக் கொடுத்து, கடையிலேயே ஒரு முறை முதலிலிருந்து நிறுவச் சொல்லுங்கள். அரை மணி நேரம் ஆகும், காத்திருங்கள்.

இரண்டாவது, பயாஸ். எச்பி கணினியைத் தொடங்கும்போது எஃப்10 விசையை அழுத்தி உள்ளே செல்லுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டால் அந்தக் கணினியை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அண்மைய அலுவலகக் கணினிகளில் அதை நீக்குவது சாதாரண மெக்கானிக்கால் ஆகிற காரியம் அன்று. உள்ளே போனதும் 'அப்சொலூட்' என்ற திருட்டுத் தடுப்பு வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இயக்கப்பட்டிருந்தால் அதையும் தவிர்த்துவிடுங்கள். பயாஸ் பதிப்பின் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். கணினி தொடங்கும்போது நம்பகத்தன்மையைச் சரிபார்க்கும் செக்யூர் பூட்டுக்கென 2011-இல் வழங்கப்பட்ட சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் தொடங்கி முடிவுக்கு வருவதால், உற்பத்தியாளர் இன்னும் பயாஸ் புதுப்பிப்பு வெளியிட்டுவரும் மாடலாக இருப்பது நல்லது.

மூன்றாவது, உரிமம். அமைப்புகள் பகுதியில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தால் 'டிஜிட்டல் உரிமம்' என்று இருக்க வேண்டும். விண்டோஸ் 10 புரோவுடன் விற்கப்பட்ட அலுவலகக் கணினிகளில் உரிம எண் பயாஸுக்குள்ளேயே பதிந்திருப்பதால், மீண்டும் நிறுவினாலும் விண்டோஸ் 11-க்கு உயர்த்தினாலும் தானாகவே அங்கீகாரம் பெற்றுவிடும். சில நூறு ரூபாய்க்குத் தனியாக ஒரு எண் தருகிறேன் என்று சொன்னால், அது பெரும்பாலும் ஏதோ நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்து உருவப்பட்டது, எப்போது வேண்டுமானாலும் முடக்கப்படலாம்.

பிறகு மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். விசிறியின் இதழ்களில் சாம்பல் நிறத் தூசு கம்பளம் போல் படிந்திருந்தால் அதைத் துடைத்துவிடலாம், குறையில்லை. செயலியின் மேலுள்ள ஹீட் சிங்கைக் கழற்ற அனுமதித்தால், இடையில் உள்ள தெர்மல் பேஸ்டைப் பாருங்கள். ஐந்தாறு ஆண்டுகளில் அது உலர்ந்து, விரலால் தொட்டால் சுண்ணாம்புப் பொருக்கு போல உதிரும். புதிதாகப் பூசிக் கொடுங்கள் என்று கேளுங்கள், செலவு சொற்பம். சித்திரை வெயிலில் கடையின் மூலையில் நாள் முழுவதும் ஓடப்போகும் கணினிக்கு அது அவசியம். அருகிலேயே நாணய வடிவில் ஒரு சிறு மின்கலம் இருக்கும். அதையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோயிருந்தால் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அதன் விளைவாக உலாவியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதன்று' என்ற எச்சரிக்கை வரும். இணையத்தில் கோளாறு என்று எண்ணிப் பலர் நாள்கணக்கில் தவிப்பதற்குக் காரணம் இந்த ஒரு சிறு மின்கலமே.

எஸ்எஸ்டியின் உடல்நிலையைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் பார்க்கலாம். நினைவகம் 16 ஜிபி என்றால் 8 ஜிபி துண்டுகள் இரண்டாக இருப்பது நல்லது, ஏனெனில் உள்ளமைந்த வரைகலைக்கு இரண்டு தடங்களும் பயன்படும். வைஃபை இருக்கிறதா என்று கேட்க மறவாதீர்கள். கம்பி இணைப்பை மட்டுமே நம்பிய பல அலுவலகங்கள் வைஃபை அட்டை இல்லாமலேயே இவற்றை வாங்கியிருந்தன, ஆன்டெனாவும் இருக்காது.

கேள்வி: புதிய கணினி வாங்கினால் மின்கட்டணத்தில் மிச்சமாகும் என்று விற்பனையாளர் சொல்கிறார். எவ்வளவு மிச்சமாகும்?
– தையல் நிலைய நடத்துநர், ராஜபாளையம்

பதில்: மைக்ரோவுக்கும் மைக்ரோவுக்கும் இடையே என்றால் கணக்கிலெடுக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆறாம் தலைமுறையும் சரி, பன்னிரண்டாம் தலைமுறையும் சரி, சும்மா இருக்கும்போது பத்து வாட்டை ஒட்டியே இழுக்கும். செயலியின் மேல் எழுதியிருக்கும் 35 வாட் என்பது வெப்பத்தைக் கையாள்வதற்கான அளவு, மீட்டர் ஓடும் அளவு அன்று. பழைய பெரிய பெட்டிக் கணினியை மாற்றுவதாக இருந்தால் கதை வேறு. வேறுபாடு 25 வாட் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்ற கணக்கில் 60 யூனிட் மிச்சமாகும். அந்த 60 யூனிட்டுக்காக மட்டும் யாரும் கணினி வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: எந்திர உதிரிபாகங்களை வடிவமைக்கும் சிறு தொழிற்கூடம் எங்களுடையது. ஆட்டோகேட் பயன்படுத்துகிறோம். இங்கே புதிய மைக்ரோ வாங்கலாம் என்று முடிவு செய்தோம். ஆனால் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைச் செயலிகள் பழுதாவதாகப் படித்தோம். பத்தாம் தலைமுறையைப் பழையதாக வாங்குவதே பாதுகாப்பானதா?
– தொழில்முனைவோர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் படித்தது உண்மையான செய்தி, ஆனால் மைக்ரோவுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. அந்தத் தலைமுறைகளின் செயலிகள் தேவைக்கு அதிகமான மின்னழுத்தத்தைக் கேட்டு வாங்கிக் காலப்போக்கில் சீர்கெடுவதை இன்டெல் ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் திருத்தங்களை வெளியிட்டது. பாதிக்கப்படக்கூடியவை 65 வாட்டும் அதற்கு மேற்பட்டதுமான மேசைக் கணினிச் செயலிகள் என்பது நிறுவனத்தின் விளக்கம். மைக்ரோ பெட்டிகளில் வழக்கமாக இருப்பது 35 வாட் 'டி' வகை. விதிவிலக்காக 65 வாட் செயலியோடு வரும் மைக்ரோக்களும் உண்டு என்பதால் செயலியின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாங்கியதும் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

உங்கள் வேலைக்குப் புதியது உண்மையாகவே பலன் தரும். ஆட்டோகேட் பெரும்பாலான பணிகளை ஒரே உட்கருவில் செய்வதால், உட்கருக்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வோர் உட்கருவின் வேகமே முக்கியம். ஐ5-10500டி 3.8 கிகாஹெர்ட்ஸில் நின்றுவிடும் இடத்தில் ஐ5-13500டி 4.6 வரை போகும். அதோடு, ஒரே கிகாஹெர்ட்ஸில் அது செய்துமுடிக்கும் வேலையும் அதிகம். பன்னிரண்டாம் தலைமுறையில் இன்டெல் உட்கருவின் அமைப்பை அடியோடு மாற்றியது என்பதால், எட்டிலிருந்து பத்துக்குப் போவதில் கிடைக்காத முன்னேற்றம் பத்திலிருந்து பன்னிரண்டுக்குப் போவதில் கிடைக்கிறது. கைக்காசு இறுக்கமாக இருந்தால், குத்தகை முடிந்து வரும் பன்னிரண்டாம் தலைமுறைக் கணினிகளைத் தேடுவது நல்ல நடுவழி.

நினைவகத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புதிய மாடல்களில் பல டிடிஆர்5 நினைவகத்தை ஏற்பவை. 2025-இன் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. 'இப்போதைக்கு 8 ஜிபி, பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்ற வழக்கமான ஆலோசனை இந்தச் சூழலில் கையைக் கடிக்கும். தேவையான 16 அல்லது 32 ஜிபியோடு வரும் கணினியையே முதலில் விலை கேளுங்கள்.

முப்பரிமாண மாதிரிகளைச் சுழற்றிப் பார்ப்பதே அன்றாட வேலை என்றால் சாதாரண மைக்ரோ உங்களுக்கு உகந்ததன்று. அதன் உள்ளமைந்த வரைகலை தட்டை வரைபடங்களுக்கு மட்டும் போதும். லெனோவோவின் திங்க்ஸ்டேஷன் டைனி வரிசையில் தனி வரைகலை அட்டையுடன் அதே அளவுப் பெட்டி கிடைக்கிறது. 2018-இல் வந்த பி330 டைனி அந்த வகை. இல்லையென்றால், உயரம் குறைந்த (லோ புரொஃபைல்) வரைகலை அட்டை செருகக்கூடிய எஸ்எஃப்எஃப் பெட்டியை வாங்குங்கள்.

கேள்வி: என் டெல் மைக்ரோவின் அடாப்டர் கெட்டுவிட்டது. கடையில் அதே வோல்டேஜ் உள்ள வேறு நிறுவன அடாப்டர் பொருத்தித் தந்தார்கள். கணினி ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம். செயலி பழுதா?
– கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: செயலி நன்றாகவே இருக்கும். டெல் அடாப்டரின் முனை நடுவில் ஊசி போன்ற மெல்லிய கம்பி ஒன்று உண்டு. அடாப்டர் எத்தனை வாட் என்பதைக் கணினிக்குத் தெரிவிப்பது அதன் வேலை. அந்தச் செய்தி வரவில்லை என்றால், மின்சாரம் போதாமல் போய்விடக்கூடும் என்று கருதி கணினி தன் செயலியை மிகக் குறைந்த வேகத்திலேயே ஓட்டும். தொடங்கும்போது அடாப்டரின் வகையைக் கண்டறிய முடியவில்லை என்ற எச்சரிக்கை வந்திருக்கும், நீங்கள் விசையை அழுத்திக் கடந்துவந்திருப்பீர்கள். கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள வாட் அளவுக்குக் குறையாத, டெல் நிறுவனத்தின் அசல் அடாப்டரை வாங்குங்கள். பழையதானாலும் பரவாயில்லை, முனையின் தடிமன் மட்டும் பொருந்த வேண்டும். டெல் நிறுவனம் இரண்டு அளவு முனைகளைப் பயன்படுத்துவதால், கெட்டுப்போன அடாப்டரையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.